கட்டைத் துவக்கு

யாழ்ப்பாணத்தில் நான் வேலை செய்த பத்திரிகையில் துப்பாக்கி என்று அச்சிடுவோம். பேச்சில் அது துவக்கு. செய்தி மேசையில் இருந்த வருடங்களில் அந்தச் சொல்லை எழுதாத நாள் குறைவு. சுட்டவர் யாரென்று ஊருக்கே தெரிந்தாலும் ‘இனந்தெரியாதோர்’ என்று போட்ட காலம். அவ்வளவு எழுதியும் ஒரு துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. முதலில் தொட்டது ஒஸ்லோவில், வேட்டைச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில், தலை நரைக்கத் தொடங்கிய பிறகு. அது நரி சுடுவதற்கான கட்டைத் துவக்கு. கட்டை என்றால் எங்கள் பேச்சில் நீளம் குறைந்தது.

நரி மீது எனக்குக் கோபம் எதுவும் இருக்கவில்லை. ஒரு மனிதருக்குப் பக்கத்தில் இருப்பதற்காக அதை வாங்கினேன்.

அந்த மனிதர் எங்கள் பணிமனையில் மெக்கானிக். நகரப் பேருந்துகளைத் திருத்தும் இடம் அது. உதிரிப்பாகக் களஞ்சியம் என் பொறுப்பு. அவர் என்னிலும் பத்து வயது மூத்தவர். ஒஸ்லோவுக்கு வெளியே, திராமன் என்ற ஊருக்கு அப்பால் காட்டோரத்தில் தனியாக வசித்தார். களஞ்சியத்தின் கம்பி வலைக்கு வெளியே நின்று பாகத்தின் எண்ணைச் சொல்வார். நான் எடுத்துக் கொடுப்பேன். தலையை அசைத்துவிட்டுப் போவார். வருடக்கணக்கில் எங்கள் உரையாடல் அவ்வளவே.

ஒரு குளிர்காலத்தில், மதிய இடைவேளையில், அவர் மேசையில் ஒரு புகைப்படத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பனியில் ஒரே கோட்டில் நேராகப் போகும் காலடித் தடம்.

“நாயோ?” என்று கேட்டேன்.

“நரி. நாய் இப்பிடி நேராய் நடக்காது. அதுக்கு வீட்டிலை சாப்பாடு இருக்கு, வளைஞ்சு வளைஞ்சு விளையாடிக்கொண்டு போகும்.”

படம் எப்போது எடுத்தது, அதற்கு முன் பனி எப்போது விழுந்தது, காற்று எந்தப் பக்கம், அந்த நரி திரும்ப வந்ததா என்று கேட்டேன். பத்திரிகைப் பழக்கம், ஒரு பதில் வந்தால் அடுத்த கேள்வி தானாக வரும். அவர் கடித்துக்கொண்டிருந்த பாண் துண்டைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“சனிக்கிழமை வந்து பார்,” என்றார்.

அவர் பேசியது நோர்வேஜிய மொழி. என் நினைவில் அது எங்கள் பேச்சுத் தமிழில்தான் இருக்கிறது; அப்படியே எழுதுகிறேன். இந்த நாட்டுக்கு வந்து அத்தனை வருடத்தில் ஒரு நோர்வேக்காரர் என்னைத் தன் இடத்துக்கு அழைத்தது அதுவே முதல் தடவை.

எனக்குச் சனிக்கிழமைகள் காலியாக இருந்தன. மனைவியும் மகளும் லண்டனுக்குப் போயிருந்தார்கள். மகளின் படிப்புக்காக என்று தெரிந்தவர்களிடம் சொன்னோம். பிறகு படிப்பைப் பற்றி யாரும் கேட்பதை நிறுத்தினார்கள். நாங்களும் சொல்வதை நிறுத்தினோம். ஒஸ்லோவின் ஹொல்ம்லியா பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் இரண்டு அறைகளின் வெப்பமூட்டியை நான் அணைத்து வைத்திருந்தேன். ஆளில்லாத அறைக்கு எதற்குச் சூடு என்பது கணக்காகச் சரிதான். ஆனால் அந்தக் கதவுகளைத் திறந்தால் குளிர் ஒரு ஆளைப்போல வெளியே வரும்.

அந்தச் சனிக்கிழமை திராமன் ரயில் நிலையத்தில் அவர் தன் பழைய காரோடு நின்றார். காட்டுப் பாதையில் ஓடி, பிறகு பனியில் நடந்தோம். முடிவில் ஒரு பலகைக் கொட்டில் இருந்தது. முன்சுவரில் நீளவாட்டில் ஒரு திறப்பு. அதற்கு நேரே, மரங்கள் இல்லாத வெளியில், எல்க் என்ற பெரிய மானைச் சுட்டு அறுத்தபோது மிஞ்சிய குடலும் எலும்பும் உறைந்து கிடந்தன. நரி அதைத் தேடி வரும். வரும்வரை உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். இருப்பதற்கு, கழித்துப்போட்ட பேருந்து ஒன்றிலிருந்து கழற்றி வந்த இருவர் இருக்கையைத் தரையோடு பூட்டியிருந்தார். அதன் துணியும் நிறமும் எனக்குத் தெரியும். அதன் பாக எண்கூடத் தெரியும்.

அங்கே கதைக்கக்கூடாது. இருமக்கூடாது. காலை மாற்றிப் போடுவதென்றால் பொறுத்து, மெதுவாகப் போட வேண்டும். குளிருக்குப் போட்ட தடித்த உடுப்புகளால் எங்கள் தோள்கள் முட்டிக்கொண்டு இருந்தன. அவருடைய துப்பாக்கி நீளமானது. அவர் ஒரு பக்கம் திரும்பினால் அது என் நெஞ்சுக்குக் குறுக்கே வரும். நான் பின்னால் சாய்ந்து வழி விடுவேன். இருட்டியதும் காப்பி குடித்தோம். நரி வரவில்லை.

“அலுப்பாய் இருந்ததோ?” என்று காரில் கேட்டார்.

“இல்லை,” என்றேன்.

“அப்ப வாற சனி.”

அந்தக் குளிர்காலம் முழுவதும் போனேன். எங்களுக்கிடையில் பேசப்பட்டவற்றை ஒரு பத்தியில் அடக்கிவிடலாம். அவர் ஒரு நரி சுட்டார், மற்றொன்று தப்பியது. எனக்கு அவை பெரிய விடயமாக இருக்கவில்லை. ஒஸ்லோவில் நான் ஏறும் பேருந்தில் என் பக்கத்து இருக்கை கடைசியாகத்தான் நிரம்பும். அதில் பகை ஒன்றும் இல்லை. இங்கே யாரும் யார் பக்கத்திலும் தேவையில்லாமல் அமர்வதில்லை. இருந்தாலும் நான் கவனித்திருந்தேன். காட்டுக்குள் அதே இருக்கையில், இன்னொருவர் தோள் என் தோளில் முட்ட, வெளிச்சம் போகும்வரை இருந்தேன். வாரத்தில் மற்ற நாட்கள் அந்தச் சனிக்கிழமைக்கு முன்னும் பின்னுமாக ஒழுங்காகி நின்றன.

ஏப்ரலில் பருவம் முடிந்தது. கடைசி நாள், காரை ஓட்டிக்கொண்டே, அவர் முன்னால் பார்த்தபடி சொன்னார்:

“நீ ஒவ்வொரு கிழமையும் வெறுங்கையோடை வந்து இருக்கிறாய்.”

எங்கள் ஆட்களிடம் இந்த வாக்கியம் வீட்டுக்காரர் வாயிலிருந்து வந்தால் அதற்கு ஒரே பொருள்தான். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போவதில்லை. ஒரு சீப்பு வாழைப்பழமாவது, ஒரு பெட்டி பிஸ்கட்டாவது கையில் இருக்க வேண்டும். கொண்டுபோகாதவரை யாரும் முகத்துக்கு நேரே குறை சொல்வதில்லை, பின்னால்தான் சொல்வார்கள். நேரே சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்க முடியாது. எனக்குக் காது சுட்டது. நான் எதைக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று யோசித்தேன். அந்தக் கொட்டிலுக்கு ஒருவர் எடுத்துப் போகக்கூடியது ஒன்றே ஒன்று.

“வாற வருசம் அப்பிடி வரமாட்டன்,” என்றேன்.

“நல்லது,” என்றார்.

துப்பாக்கி இல்லாவிட்டால் அடுத்த குளிர்காலத்தில் அந்த இருக்கை எனக்கு இல்லை என்று விளங்கிக்கொண்டேன்.

கோடையில் வேட்டைக்காரருக்கான வகுப்புக்குப் போனேன். எந்தப் பறவையைச் சுடலாம், எதைத் தொடக்கூடாது, காயப்பட்ட மிருகத்தை எப்படித் தேட வேண்டும் என்றெல்லாம் நோர்வேஜிய மொழியில் படித்துப் பரீட்சை எழுதினேன். பொலிஸ் அனுமதி கிடைத்தது. எதற்குத் துப்பாக்கி என்று அவர்கள் கேட்டதற்கு நரி என்று சொல்லியிருந்தேன். சட்டப்படி வைக்க வேண்டிய இரும்பு அலுமாரியை மகளின் அறைச் சுவரில் பூட்டினேன். அங்கேதான் இடம் இருந்தது.

துரொண்ட்ஹெய்மில் இருக்கும் அக்கா தொலைபேசியில் கேள்விப்பட்டு, முதலில் சிரித்தா. பிறகு நான் பகிடி விடவில்லை என்று தெரிந்ததும் குரல் மாறியது.

“உனக்கென்ன விசரே? துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனி, இஞ்சை போய்த் துவக்கு வாங்கப் போறியோ?”

“நரிக்கு, அக்கா.”

“நரி உன்னை என்ன செய்தது? உன்ரை கோழியைப் பிடிச்சதோ?”

“ஒண்டும் செய்யேல்லை.”

“அங்கை துவக்கைக் கீழை வையுங்கோ எண்டு நோர்வேக்காரன் ஊருக்கும் இஞ்சைக்குமாய்ப் பறந்து திரியிறான். நீ நோர்வேயிலை இருந்துகொண்டு தூக்கப் போறாய். நல்ல வடிவாய் இருக்கு.”

நோர்வே நடுவில் நின்று எங்கள் நாட்டில் சமாதானப் பேச்சுகள் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. பக்கத்தில் ஒரு ஆள் இருப்பதற்காக என்று சொல்லியிருந்தால், அக்கா அழுதிருப்பா. அல்லது எனக்கு ஒரு பெண் பார்க்கத் தொடங்கியிருப்பா. இரண்டையும் தவிர்த்தேன்.

கடையில் விற்பனையாளர் இளைஞர், நட்பானவர். சுவர் முழுக்கத் துப்பாக்கிகள் வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். என் கைகள் உடனே போகவில்லை. அவர் அதைப் பாரம் பற்றிய தயக்கம் என்று நினைத்து, “இது பாரமில்லை,” என்றார்.

எனக்கு வேண்டியதைச் சொன்னேன்: “கட்டையாய் இருக்கவேணும். சின்னக் கொட்டில். ரெண்டு பேர் இருக்கிற இடம்.”

“ரெண்டு பேரோ?”

“ஓம். மற்றவருடையது நீளம். அப்ப என்ரை கட்டையாய் இருந்தால்தான் சரி.”

அவர் ஏதோ கேட்க வந்து, கேட்காமல் விட்டார். வாடிக்கையாளரின் கொட்டில் அவர் வேலை இல்லை.

துப்பாக்கி பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு முறை இருக்கிறது. தோளில் பொருத்தும் மர அடிக்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்ப்பது. எனக்கு எந்தத் துப்பாக்கியிலும் எட்டவில்லை. அடுத்தது, கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றி, பிறகு கண்ணைத் திறப்பது. மேலே பூட்டிய தொலைநோக்கிக்குள் முழு வட்டம் தெரிந்தால் அது உனக்குரியது. சுவரில் தொங்கிய எல்க் தலையைக் குறி வைக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கண்ணைத் திறந்தபோது வட்டத்தின் ஓரத்தில் கறுப்புப் பிறை தெரிந்தது. நோர்வேக்காரரின் கை நீளத்துக்குச் செய்த அடிக்கட்டைகள்.

கடைசியில் அவர் சற்றுத் தயங்கி, கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். “இது பெண்களுக்கும் பிள்ளையளுக்கும் எண்டு செய்தது,” என்றார். “கோவியாதையுங்கோ.”

நான் கோபிக்கவில்லை. முழங்கையில் வைத்தேன்; விரல் விசையில் போய் நின்றது. கண்ணை மூடித் தோளில் ஏற்றித் திறந்தேன். வட்டம் முழுதாக, நடுவில் எல்க்கின் கண்ணாடிக் கண். குழாயும் கட்டை. சத்தம் குறைப்பானைப் பூட்டினாலும் கொட்டிலின் திறப்புக்கும் எங்கள் முழங்காலுக்கும் இடையில் திருப்பலாம்.

“கட்டைக் குழாய் சத்தம் கூட,” என்றார். “சத்தம் குறைப்பான் கட்டாயம். உங்கட காதுக்கும், பக்கத்தில் இருக்கிறவரின்ரை காதுக்கும்.”

பக்கத்தில் இருப்பவர் என்ற சொற்களைக் கேட்டதும் அதையும் தரச் சொன்னேன்.

ரவையின், அதாவது துப்பாக்கிக் குண்டின், அளவு பற்றிக் கதை வந்தபோது, ஒரு அளவு இராணுவத் துப்பாக்கிகளின் ரவைக்கு ஏறத்தாழச் சமம் என்று அதன் சிறப்பாகச் சொன்னார். நான் அதற்கு அடுத்த சிறிய அளவைக் கேட்டேன். நரிக்கு இரண்டும் ஒன்றுதான் என்றார்.

பைக்குள் வைக்கும்போது இரண்டு தடித்த ரப்பர் தகடுகளையும் சேர்த்துப் போட்டார்.

“இது என்னத்துக்கு?”

“பிள்ளை வளர வளர, அடிக்கட்டையை நீட்டுறதுக்கு,” என்று சொல்லிவிட்டு, தன் வாயைத் தானே பொத்தினார். இருவரும் சிரித்தோம். அன்று அந்தக் கடையில் சிரித்ததுதான் அந்த மாதத்தில் நான் இன்னொருவரோடு சேர்ந்து சிரித்தது.

ஹொல்ம்லியா ரயிலில் அந்தப் பை என் முழங்கால்களுக்கு நடுவே நின்றது. எதிரே எங்கள் குடியிருப்பில் வசிக்கும் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் வந்து அமர்ந்தார். பிள்ளைகளைச் சங்கீத வகுப்பிலிருந்து கூட்டிவரப் போகிறவர். பையின் நீளத்தைப் பார்த்தார்.

“என்ன அண்ணை, கீபோட் வாங்கினியளோ? மகள் வாறாவோ?”

“இல்லை. துவக்கு.”

“ஐயோ, உங்கட பகிடி!” என்று சீட்டில் அடித்துச் சிரித்தார். “எங்கட ஆளிட்டைச் சொல்லவேணும். துவக்காம்!”

மகள் வருகிறாளா என்ற கேள்வி மட்டும் பதிலில்லாமல் நின்றது. அவரும் அதை மறந்துவிட்டிருந்தார்.

நவம்பரில் முதல் பனி விழுந்த சனிக்கிழமை, திராமன் நிலையத்தில் பையோடு இறங்கினேன். அவர் அதைத் திறக்கச் சொல்லி, துப்பாக்கியை எடுத்து ரவை போடும் இடத்தைத் திறந்து பார்த்தார், தோளில் வைத்தார், அவருக்கு அது விளையாட்டுச் சாமான் போல இருந்தது. “கட்டை,” என்றார். “நல்ல சாமான்.” எனக்குப் பரீட்சை முடிவு வந்த நாளைவிட அது பெரிதாக இருந்தது.

வழக்கமான பாதைக்கு முன்னமே கார் ஒரு புதிய தடத்தில் திரும்பி நின்றது. மரங்களுக்கிடையில் ஒரு கொட்டில். பலகைகள் இன்னும் வெளிறவில்லை. தேவதாரு மணம் போகவில்லை.

“கோடையிலை கட்டினனான்,” என்றார். “உனக்கு.”

உள்ளே ஒரு இருக்கை பூட்டியிருந்தது. பேருந்து ஓட்டுநரின் இருக்கை. காற்று அமுக்கத்தில் ஏறி இறங்கும், கைதாங்கி உள்ள இருக்கை. ஒரு பேருந்திலேயே மிகச் சிறந்தது அதுதான். அதைத் தேடிக் கழற்றி, தூக்கி வந்து, என் உயரத்துக்குச் சரிசெய்து வைத்திருந்தார்.

“சொந்தத் துவக்கு இருக்கிறவனுக்குச் சொந்த இடம் வேணும்,” என்றார். பிறகு “ஷித் யாக்த்,” என்றுவிட்டுத் தன் கொட்டிலுக்கு நடந்தார். நாசமான வேட்டை என்று பொருள். வேட்டைக்குப் போகிறவருக்கு இங்கே நல்வாழ்த்துச் சொல்லக்கூடாது. சொன்னால் எதுவும் கிடைக்காது. அதனால் இப்படிச் சொல்கிறார்கள். முந்திய குளிர்காலத்தில் அதை அவர் எனக்கு ஒரு தடவையும் சொல்லியிருக்கவில்லை. சேர்ந்து இருக்கிறவர்கள் அதைச் சொல்லிக்கொள்வதில்லை. பிரிந்து போகும் இடத்தில்தான் சொல்வார்கள்.

அந்த இருக்கையில் சனிக்கிழமைகள் கழிந்தன. கைதாங்கியில் கை வைத்தால் வசதியாக இருந்தது. திரும்பும்போது பின்னால் சாய்ந்து வழி விடத் தேவையில்லை. டிசம்பரில் நரி ஒன்று வந்தது. வகுப்பில் படித்தபடியும் பிறகு சுடுதளத்தில் பழகியபடியும், அது பக்கவாட்டில் நிற்கும்வரை பொறுத்துச் சுட்டேன். அந்த இடத்திலேயே விழுந்தது. சத்தம் கேட்டு அவர் பனிக்குள்ளால் நடந்து வந்தார். நரியின் பக்கத்தில் குந்தியிருந்து, ரவை பட்ட இடத்தைத் தடவிப் பார்த்து, “சுத்தமான வேலை,” என்றார். கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு, வெளிச்சம் இன்னும் இருக்கிறது என்று சொல்லித் தன் கொட்டிலுக்குத் திரும்பிப் போனார். அவர் கால் வைத்த பள்ளங்களில் பனி மெதுவாக நிரம்பியதைத் திறப்பு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புத்தாண்டுக்குப் பிறகு ஒரு நாள் அவர் பிரேக் பாகம் ஒன்றுக்காகக் களஞ்சியத்துக்கு வந்தபோது, எடுத்துக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

“நான் உன்ரை கொட்டிலுக்கு வரலாமோ?”

“ஏன், உன்ரை கொட்டில் ஒழுகுதோ?”

“இல்லை.”

“சீட் பிழையோ?”

“திறமான சீட்.”

“அப்ப துவக்கோ?”

“துவக்கும் நல்லது.”

பேருந்தில் பிழை தேடுகிற ஒழுங்கில் கேட்டுக்கொண்டு வந்தவர், கேட்பதற்கு வேறு பாகம் இல்லாமல் நின்றார்.

“ஒரு கொட்டிலுக்குள்ளை ரெண்டு துவக்கு வைக்கிறேல்லை,” என்றார். “சட்டமில்லை. ஆனால் ஒருத்தரும் செய்யிறேல்லை.”

“அப்ப என்ரையை வீட்டிலை விட்டிட்டு வாறன்.”

“பிறகு ஏன் அதை வாங்கினனி?”

“நீதானே சொன்னனி, வெறுங்கையோடை வாறன் எண்டு.”

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். “அது... நீ சும்மா பாத்துக்கொண்டு இருக்கிறாய், பாவமாய் இருந்தது. அதுக்குச் சொன்னனான்.”

“எங்களிட்டை அதுக்கு வேறை கருத்து.”

“என்ன கருத்து?”

“ஒண்டும் கொண்டு வராதவன் இனி வரத் தேவையில்லை எண்டு.”

அவர் முகம் கழுத்திலிருந்து சிவந்தது. பாகத்தை என் கையிலிருந்து வாங்கினார், எண்ணைச் சரிபார்த்தார், போனார். அந்த வாரம் மதிய இடைவேளைகளில் அவர் வேறு மேசையில் இருந்தார். நான் கேட்டிருக்கக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. இந்த நாட்டில் தனிமையைப் பற்றி நேராகப் பேசுவது, ஒருவருடைய வீட்டுக்குள் சப்பாத்தைக் கழற்றாமல் நுழைவது போன்றது. நான் நுழைந்துவிட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து போகும்போது கம்பி வலைக்கு வெளியே நின்று, “நாளைக்குத் துவக்கைக் கொண்டு வா,” என்று மட்டும் சொன்னார். அப்படியானால் திரும்பவும் தனிக் கொட்டில், ஓட்டுநர் இருக்கைதான். மறுமொழி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை கார் அந்தப் புதிய தடத்தில் திரும்பவில்லை. தாண்டிப் போய்ப் பழைய இடத்தில் நின்றது. நான் பின்சீட்டைப் பார்த்தேன். அங்கே என் பை மட்டும் கிடந்தது.

“உன்ரை எங்கை?”

“வீட்டிலை.” கதவைச் சாத்தினார். “உன்ரைதான் உள்ளுக்கை அடங்கும்.”

கொட்டிலில் துப்பாக்கியை நான் திறப்புப் பக்கமாக வைத்துக்கொண்டேன். அவர் மற்றப் பக்கம். கை இரண்டும் மடியில், என்ன செய்வதென்று தெரியாத கைகள். கொஞ்ச நேரம் வெளியைப் பார்த்தார். பிறகு தலை மெல்லச் சரிந்து பலகைச் சுவரில் சாய்ந்தது. நித்திரையாகிவிட்டார். காட்டில் அவர் கண் அயர்ந்ததை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. காவல் இன்னொருவர் கையில் இருந்தது அவருக்கு இதற்கு முன் எப்போது என்று எனக்குத் தெரியாது. மூச்சு சீராக வந்தது. பக்கத்துத் தோளின் பாரம் என் மேல் கூடியது.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது நரி வந்தது. பெரியது, வாலில் வெள்ளை நுனி. எலும்பருகே நின்று காற்றை முகர்ந்து, பிறகு பக்கவாட்டில் திரும்பித் தின்னத் தொடங்கியது. துப்பாக்கியைத் தோளில் ஏற்றினேன். வட்டம் முழுதாகத் தெரிந்தது. சத்தம் குறைப்பான் எவ்வளவு குறைத்தாலும் அந்தப் பலகை அறைக்குள் ஒரு மனிதரை எழுப்ப அது போதும். நான் துப்பாக்கியை மடியில் இறக்கி வைத்தேன். நரி ஆற அமரத் தின்றுவிட்டு, வந்த வழியிலேயே நேராக நடந்து போனது.

அவர் கண் விழித்தபோது வெளியில் நீலம் மட்டும் மிஞ்சியிருந்தது.

“வந்ததோ?”

“வந்தது.”

“ஏன் சுடேல்லை?”

“நீ நித்திரை.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வெளியே போய், குனிந்து தடத்தைப் பார்த்துவிட்டு, பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்.

“பெரிசு,” என்றார்.

சுடக்கூடிய வெளிச்சம் போய்விட்டிருந்தது. வேட்டை நாள் முடிந்தால் எழும்பிக் காருக்குப் போவதுதான் வழமை. அவர் இருக்கையில் திரும்பவும் அமர்ந்து, போத்தலைத் திறந்து, ஒரு கோப்பையில் காப்பி ஊற்றி என்னிடம் தந்தார். கதைக்க இனித் தடை இல்லை. இருவரும் கதைக்கவில்லை; எழும்பவும் இல்லை.